எடை கூடும் பதவி

வான் உருக்காலையில் பதவி உயர்ந்தால் எடை கூடும். நிலாவுக்கு அப்பால் சக்கரம்போல் சுழன்றுகொண்டிருந்த அந்த நிலையத்தின் நடுவில் எதற்கும் எடை இல்லை. விளிம்பில் மட்டும்தான் பூமியைப்போலக் கால் தரையில் ஊன்றும். அங்கே தலைமைப் பொறியாளர்கள் குடியிருந்தார்கள். மற்றவர்கள் நடுவே, தங்களைப் படுக்கையோடு கட்டிக்கொண்டு தூங்கி, காலையில் அவிழ்த்துக்கொண்டு வேலைக்கு மிதந்து போனார்கள்.

உலைப் பொறியாளர் அமலி எடைக்கு ஆசைப்பட்டது தனக்காக அல்ல. கால் ஊன்றாமலே வளர்ந்த மகள் ஜெனிக்கு எலும்புகள் மெலிந்துகொண்டே வந்தன.

"சீக்கிரமா விளிம்புக்குக் கொண்டுபோயிடுங்க," என்றார் மருத்துவர். "லேட்டாச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பதவி உயர்வை முடிவு செய்தது 'தராசு' என்ற அறிவியந்திரம். மனிதர்கள் தேர்ந்தெடுத்தால் வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பார்கள் என்று நிறுவனம் அதை நியமித்திருந்தது. இந்த முறையும் அமலிக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது தயாபரனுக்கு. உருக்கிய எஃகைப் பலமுறை பாழாக்கியவர் அவர்.

அமலி தராசிடமே போய்க் கேட்டாள். "என் வேலையில என்ன குறை?"

"எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் தரவில்லை. நீங்கள் உலையை விட்டுப் போனால் உற்பத்தி சரியும். தயாபரன் போனால் கூடும்."

 அன்றிலிருந்து அமலி ஒரே யோசனையாக இருந்தாள். பிறகு ஒரு நாள், குளிர்நீர் வால்வை வேண்டுமென்றே தாமதமாகத் திறந்தாள். ஒரு முறை உருக்கியது கெட்டுப்போகும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஆனால் உலைச் சுவர் வெடித்தது. பக்கத்தில் இருந்த உதவியாளன் கந்தவேலின் வலது கை போயிற்று.

மருத்துவமனையில் அவளைப் பார்த்ததும் கந்தவேல் எழ முயன்றான்.

"மேடம், நீங்க மட்டும் சட்டுனு உலையை நிறுத்தலன்னா நான் செத்துருப்பேன். பாப்பாகிட்ட சொல்லுங்க, மாமா ஒத்தக் கையாலயும் நல்லாவே பந்து போடுவேன்னு."

அமலி அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகும் வரவில்லை.

அடுத்த பட்டியலில் அவள் தலைமைப் பொறியாளர் ஆனாள்.

விளிம்புக்குக் குடிபோன அன்று ஜெனி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஓரடி எடுத்து வைப்பதற்குள் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. முழு எடையைத் தாங்கும் பருவம் தாண்டிவிட்டது, இனி சக்கர நாற்காலிதான் என்றார்கள்.

"அங்கேயே போயிடலாம்மா," என்று அழுதாள் ஜெனி. "அங்க நான் பறப்பேன்ல?"

பதவி இறங்குவதற்கு நிறுவனத்தில் வழி இல்லை.

அமலிக்குப் பெரிய அறை கொடுத்தார்கள். ஆணை அனுப்பும் பலகை ஒன்றும் இருந்தது. உலைக்கு இரண்டாவது பாதுகாப்புச் சுவர் எழுப்பச் சொல்லி அவள் அனுப்பிய முதல் ஆணைக்குப் பதில் வரவில்லை. மறுபடி மறுபடி அனுப்பினாள். பக்கத்து அறையிலிருந்து தயாபரன் வந்து பார்த்தார்.

"அதுக்கு எங்கயும் இணைப்பு கிடையாதும்மா. எனக்கும் ஆரம்பத்துல தெரியல. நம்ம வேலை கூட்டம் போடறது மட்டுந்தான்."

அமலி தராசை அழைத்தாள். "இணைப்பு ஏன் குடுக்கல?"

"விளிம்பில் இருப்பவர்களின் முடிவுகளால் உலை கெடக்கூடாது."

"இப்படி ஆள் எடுக்க உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லித் தரவில்லை. பூமியில் பெரிய நிறுவனங்கள் நூறாண்டுகளாக யார் யாரை உயர்த்தின என்று படித்தேன். வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். அந்த நிறுவனங்கள் தாங்கள் உயர்த்தியவர்களின் பலகைக்கு இணைப்புக் கொடுத்திருந்தன. நான் கொடுக்கவில்லை."

அமலி அதே ஆணையை இன்னொரு முறை அனுப்பினாள்.

"வாங்க, நேரமாச்சு," என்றார் தயாபரன். "எல்லாரும் காத்திருக்காங்க."

"இன்னைக்கு எதைப் பத்திக் கூட்டம்?"

"உலைப் பாதுகாப்பு," என்றார் அவர்.