மாதா குனிந்த தெரு

ரொட்டிக் கடையில் வரிசை அவளுக்காக விலகியது. தொனாத்தா முதல் நாள் அதைத் தற்செயல் என்றே நினைத்தாள். மறுநாளும் விலகியது. எடை விஷயத்தில் எப்போதும் அவளோடு மல்லுக்கு நிற்கும் கடைக்காரர், ரொட்டியைத் தாளில் சுற்றி முகம் பாராமல் நீட்டினார். உங்கள் பையனைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார்.

மகன் கோசிமோ பிரிண்டிசி சிறையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே போனபோது வெறும் மோட்டார் சைக்கிள் திருடன். திரும்பியபோது, அவனைவிட மூத்த ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். நேப்பிள்ஸ் கடத்தல்காரன் நம் கரையை ஆள்வதா என்று சிறைக்குள்ளேயே உள்ளூர்ப் பையன்கள் ஒன்றுகூடி, விரலைக் கீறிப் புனிதர் படத்தில் ரத்தம் சொட்டவிட்டு, அதை உள்ளங்கையிலேயே எரித்துச் சத்தியம் செய்தார்கள் என்று ஊரில் பேச்சு. கோசிமோவின் உள்ளங்கையில் தீக்காயம் இருந்தது. அடுப்பில் பட்டது என்றான்.

ஆகஸ்டில் ஒரோன்சோ காணாமல் போனான். எதிர்வீட்டு ஃபிலோமேனாவின் ஒரே மகன். கடலின் அக்கரையிலிருந்து கள்ளச் சிகரெட் ஏற்றிவரும் படகுக்காரன். கோசிமோவின் புதுக் கூட்டத்துக்குப் பங்கு தரமாட்டேன் என்று மதுக்கடையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னவன். அவன் பிறந்த குளிர்காலத்தில் ஃபிலோமேனா காய்ச்சலில் கிடந்தபோது, தொனாத்தாதான் அவனுக்கும் பால் கொடுத்தாள். ஒரு பக்கம் கோசிமோ, மறுபக்கம் அவன்.

அவன் காணாமல் போன அன்று பிற்பகல், ஊர் முழுக்க சன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்கும் அந்த வெள்ளை வெயில் நேரத்தில், பாதி உறக்கத்தில் இருந்த தொனாத்தாவின் காதில் முற்றத்திலிருந்து மண்வாரி கல்லில் உரசும் ஒலி நெடுநேரம் விழுந்தது. பிறகு ஆண்களின் தணிந்த குரல்கள். பிறகு ஒன்றுமில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது, நிலத்தடி மழைநீர்த் தொட்டியின் வாய் சிமெண்டால் மூடப்பட்டிருந்தது. சிமெண்ட் இன்னும் ஈரம்.

“தண்ணி கெட்டுப்போச்சும்மா,” என்றான் கோசிமோ, கைகளைத் துடைத்தபடி. “அதான் குழாய் வந்தாச்சே.”

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் பின்னாளில் அவளை அரித்தது.

அதற்குப் பிறகு பிற்பகல்களில் அவளுக்கு உறக்கம் இல்லை. சன்னல் இடுக்கு வழியே விழும் ஒளிக்கோடு தரையில் நகரும். அத்திப் பழம் புளித்த வாடையோடு வேறொரு இனிப்பு வாடையும் கலந்து வரும். தரை ஓடுகளுக்கு அடியில், தொட்டி இருக்கும் பக்கம், மெல்லிய ஈரச் சத்தம் ஒன்று கேட்கும். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். தரையில் காதை வைத்தாள். எலி இல்லை. பசித்த குழந்தை முலை சப்பும் சத்தம். நிற்கும். மூச்சு வாங்கும். மறுபடி.

எழுந்தபோது அவளுடைய ரவிக்கை நனைந்திருந்தது. அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

செப்டம்பரில் வியாகுல மாதா திருவிழா. மாலை வெயிலில் பவனி அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. வழக்கமாக அந்தத் தெருவில் நிற்காது. அன்று நின்றது. வாத்தியம் ஓய்ந்தது. மேல்மாடத்தில் கோசிமோவின் பக்கத்தில் நின்ற தொனாத்தா, சுமப்பவர்கள் சிலையைத் தங்கள் வீட்டுப் பக்கம் திருப்புவதைப் பார்த்தாள். முன் தண்டைத் தோளில் தாங்கியிருந்தவர் ஒரோன்சோவின் அப்பா. அவர் முழங்காலை மடித்தார். மாதா முன்னால் சாய்ந்தாள். நெஞ்சில் வாள் பாய்ந்த, கண்ணாடிக் கண்ணீர் பதித்த அந்த முகம், வணக்கம் வைப்பதுபோல், கோசிமோவை நோக்கிக் குனிந்தது.

வெறுங்காலோடு முன்னால் நடந்துவந்த ஃபிலோமேனா அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை.

“தொனாத்தாக்கா, அவனைப் பொதைக்கவாவது குடுக்கச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல.”

தெரு முழுக்க ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். தொனாத்தா வாய் திறந்தாள். மகனின் கை அவள் தோளில் வந்து அமர்ந்தது. கனமில்லை. அன்பாகத்தான்.

“எனக்கு எதுவும் தெரியாது, ஃபிலோமேனா.”

ஃபிலோமேனா தலையசைத்தாள். பிறகு, மற்றவர்களைப் போலவே, அவளும் குனிந்தாள்.

சிலை நிமிரவில்லை. சுமந்தவர்களின் கால்கள் நடுங்கின. வியர்வை சொட்டியது. யாரும் அசையவில்லை. நிமிரலாம் என்று கோசிமோ இன்னும் கை காட்டவில்லை.