வண்டிக்குப் பூசிய பவுடர்

"எண்ணெய் போட்டது யாரு?"

மெக்கானிக் வெங்கடப்பன் முன்சக்கரத்தின் பிரேக் ஷூவைத் தூக்கிக் காட்டினார். போன வாரம்தான் புதிதாக மாட்டியது. இப்போது எண்ணெயில் ஊறிப் பளபளத்தது.

நசருல்லா மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பது சபீஹாதான்.

"நான் ஈரத்துணியாலதான் துடைச்சேன், அத்தா!"

"பளபளன்னு இருக்கட்டும்னு புள்ளைங்க எண்ணெயத் தடவிடும், பாய். எத்தனை வண்டி பாத்திருக்கேன்!" என்றார் வெங்கடப்பன்.

அன்று காலை ஜூஜுவாடியில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அத்தாவின் வண்டி நிற்கவில்லை. கால்களைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினார். வலது செருப்பில் பாதிதான் மிச்சம்.

"இனிமே வண்டிப் பக்கமே வராதே!" என்று கத்தினார் அத்தா.

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சபீஹாவுக்குக் காது சூடானது. செய்யாத தப்புக்குத் திட்டா? அழுதால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

வெங்கடப்பன் வேறு பிரேக் ஷூவைப் போட்டுச் சக்கரத்தை மாட்டினார். "இனி நிக்கும், பாய்."

"நிக்காது," என்றாள் சபீஹா.

சக்கரத்தின் இரு பக்கமும் நிற்கும் ஃபோர்க் கால்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றுக்குள் ஆயில் இருக்கும். அது வெளியே வராமல் ரப்பர் சீல் தடுக்கும். அந்தச் சீல்களையும் போன வாரம் மாற்றியவர் வெங்கடப்பன்தான்.

அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்கு ஓடினாள். பவுடர் டப்பாவோடு திரும்பி வந்தாள். இரண்டு கால்களையும் நன்றாகத் துடைத்து, வெள்ளையாகப் பவுடரைத் தூவினாள்.

"வண்டிக்கு இன்னிக்குக் கல்யாணமா?" என்று சிரித்தார் டீக்கடை மாரிமுத்து.

"அத்தா, ஹேண்டில்பார அமுக்கி அமுக்கி விடுங்க. இருவது தடவ."

அத்தா அமுக்கினார். ஒரு கால் வெள்ளையாகவே இருந்தது. பிரேக் ஒயர் இருக்கும் பக்கத்துக் காலில், சீலிலிருந்து கறுப்பாக ஒரு எண்ணெய்க் கோடு இறங்கியது. மெதுவாக பிரேக் வரை வந்து நின்றது.

வெங்கடப்பன் அந்தக் காலைக் கழற்றிச் சீலை எடுத்துப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தலைகீழா மாட்டியிருக்கேன், பாய். அன்னிக்குக் கரண்ட் இல்ல, அதான்..."

"இன்னொரு கால மாட்டுறப்ப மட்டும் கரண்ட் இருந்துச்சா?" என்று கேட்டாள் சபீஹா.

வெங்கடப்பன் புதுச் சீலைத் தேடி எடுத்தார். இந்தமுறை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டே மாட்டினார். பிரேக்கையும் திறந்து சுத்தம் செய்தார்.

"ஏறும்மா, போலாம்," என்றார் அத்தா.

சபீஹா கைகளைக் கட்டிக்கொண்டாள். "வண்டிப் பக்கமே வரக்கூடாதுன்னீங்களே?"

"தப்புதான்மா," என்று முணுமுணுத்தார் அத்தா.

"திட்டினது டீக்கட வரைக்கும் கேட்டுச்சு. இது கேக்கலையே!"

அத்தா தொண்டையைச் செருமினார். "எம் பொண்ணு எண்ணெய் போடல! தப்பு எங்க மேல!"

"ஆமா, எங்க மேலதான்!" என்று வெங்கடப்பனும் குரல் கொடுத்தார். மாரிமுத்து டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினார்.

சபீஹா ஏறி உட்கார்ந்தாள். தெருமுனையில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. அத்தா பிரேக்கைப் பிடித்தார்.

வண்டி அப்படியே நின்றது. ஃபோர்க்கில் மிச்சமிருந்த பவுடர் மட்டும் கொஞ்சம் பறந்தது.