தும்பிகள் பார்க்காத தாண்டல்

நான்கு மீட்டர் தொண்ணூறைத் தாண்டி மெத்தையில் விழுந்த இசக்கியம்மாள் துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினாள். கோலூன்றித் தாண்டுவதில் அது நாட்டின் புதிய சாதனை. ஆனால் அறிவிப்புப் பலகையில் ‘சாட்சி இல்லை’ என்று வந்தது.

நெல்லை மைதானத்தை விட்டு நடுவர்கள் போய்ப் பதினைந்து வருடமாகிறது. இப்போது எல்லாம் விழித்தும்பிகள்தான். கட்டைவிரல் அளவுப் பறக்கும் கேமராக்கள். வீட்டில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிறவர்களின் கண் எங்கே நிலைக்கிறதோ, அங்கே போய் அவை நிற்கும். அவை எடுக்கும் படமே ஒளிபரப்பு, அதுவே சாட்சி. அன்று பறந்த இருநூறும் இசக்கியின் இடுப்பையும் தொடையையும் மொய்த்துக்கொண்டிருந்தன. அத்தனை நெருக்கத்தில் எடுத்த படங்களில், தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியே பதிவாகவில்லை. அவள் அதற்கு மேலே போனாளா, கீழே நுழைந்தாளா என்று எவருக்கும் தெரியாது.

மறுநாளே ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் போனாள். அதிகாரி திருமலை எழுந்து நின்று வரவேற்றார். சுவரில் ‘பெண் சக்தி’ என்று எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே இருந்த படத்தில் அவளுடைய முதுகு மட்டும்.

“ஆம்பளைங்க போட்டிய விட உங்களுக்கு மூணு மடங்கு பார்வை மேடம். பெண்களுக்கு இதைவிடப் பெருமை வேற என்ன வேணும்?”

“நல்லாப் பாக்கட்டும் சார்” என்றாள் இசக்கி. “யார் பாக்காங்கன்னு எனக்கும் தெரியணும்லா? தும்பி றெக்கையில அவங்க பேரு, ஊரு எல்லாத்தையும் ஓட விடுங்க.”

திருமலைக்கு முகம் மலர்ந்தது. நட்சத்திரத்தின் கண்ணெதிரே தன் பெயர் மின்னுவதென்றால் எந்த ரசிகனுக்குக் கசக்கும்? அடுத்த போட்டிக்கே ஏற்பாடு செய்துவிட்டார்.

போட்டி நடந்த மாலை இசக்கி குனிந்து தசைகளைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல் தும்பிகள் பின்னால் திரண்டன. அவள் சட்டென்று திரும்பி, இறக்கைகளில் ஓடிய பெயர்களை உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.

“சிவகாசி பேராசிரியர் அனந்தநாராயணன், வணக்கம்! வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பாளையங்கோட்டை டாக்டர் வேலாயுதம், வாங்க வாங்க! அட, திருமலை சார்... நீங்களுமா?”

மைதானம் குலுங்கிச் சிரித்தது. தும்பிகள் நெருப்பை மிதித்தாற்போல் சிதறின. ஒன்று கொடிக்கம்பத்துக்கு ஓடியது. பத்திருபது வேப்பமரத்தைக் கூர்ந்து ஆராய்ந்தன. மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாமே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன.

இசக்கிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்போடே ஓடினாள். கோல் வில்லாய் வளைந்து அவளைத் தூக்கி எறிந்தது. நான்கு மீட்டர் தொண்ணூற்றிரண்டு. கம்பி அசையக்கூட இல்லை.

மெத்தையில் கிடந்தபடி பலகையைப் பார்த்தாள். அதில் இன்னும் எதுவும் வரவில்லை. ஆசைப்பட்டுப் பார்த்தபோதும் சாட்சி இல்லை, பயந்து ஒதுங்கியபோதும் சாட்சி இல்லை என்றால், அவள் எப்போதுதான் தாண்டுவது?

பலகை யோசித்தது. பிறகு ‘சாட்சி: ஒன்று’ என்றது.

பெரிய திரையில் படம் ஓடியது. கோலைப் பிடித்த விரல்கள், எம்பிய கால், காற்றில் திரும்பிய தோள், கம்பிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி, விழும்போது சிரித்த முகம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒற்றைத் தும்பி, ஒற்றைப் பார்வை. அதன் இறக்கையில் ‘ஜெனோவா, தூத்துக்குடி’ என்று ஓடியது.

இதுவரை நாட்டின் சாதனை ஜெனோவாவுடையதுதான். நான்கு மீட்டர் எண்பத்தைந்து. அடுத்துத் தாண்ட வேண்டியவளும் அவளே. ஓடுபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள்.

“உன் பேரு ஊருக்கே தெரிஞ்சிரும்னு உனக்குப் பயமா இல்லையா?” என்றாள் இசக்கி.

“எதுக்குட்டி பயம்? உன்னைய எப்படி ஜெயிக்கன்னுல்லா பாத்தேன்.” ஜெனோவா பிடி வழுக்காமலிருக்கக் கையில் வெண்பொடி தடவிக்கொண்டாள். “வலது கையை ரெண்டு விரற்கடை மேல பிடிச்சிருந்தா அஞ்சு மீட்டரே போயிருப்ப. நான் இப்போ அங்கதான் பிடிக்கப்போறேன். பாத்துக்கிட்டே இரு.”

இசக்கி ஓடிப்போய் ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். வேப்பமரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தும்பிகள் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தன. எங்கே பார்ப்பதென்று தெரியாமல், இசக்கி பார்த்த இடத்தையே அவையும் பார்த்தன: ஜெனோவாவின் வலது கையை.