கையை விடுங்க

"ஐயா, கம்பியிலேருந்து கையை விடுங்க," என்றாள் பிசியோதெரபிப் பெண்.

விட்டுவிட்டார். ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். இரண்டு கைகளும் வெறுமனே தொங்கின. ஆனால் இடது கையை யாரோ பிடித்திருந்தார்கள். இடுப்பு மூட்டு மாற்றி ஆறு வாரம், நரம்பு விளையாட்டுக் காட்டுகிறது என்று உதறினார்.

பினாயில் நாற்றம், சதா இரைகிற டியூப்லைட், சுவரோரம் வாக்கரைக் கட்டிக்கொண்டு முனகும் சோப்ளாங்கிக் கூட்டம், எதுவுமே அவருக்குப் பிடிக்கவில்லை. இருநூறு பேரை விரட்டி வேலை வாங்கியவரை நேற்றுப் பிறந்த ஒருத்தி ஸ்டாப்வாட்ச் பிடித்து அளக்கிறாள். தேறினால் சொந்த வீட்டில் தனியாக இருக்கலாம். தவறினால் முதியோர் இல்லம். வாசலில் நிற்கும் உத்தமபுத்திரன் விண்ணப்பத்தை நிரப்பியே கொண்டுவந்திருந்தான்.

போன வருடம் மனைவிக்கும் இதே ஆபரேஷன்தான். குளியலறை வாசலில், சுண்டுவிரல் கோணிய கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டே எட்டுங்க. விட்டுடாதீங்க."

"நடிக்காதே. கையை விடு," என்று உதறினார். இரண்டாவது எட்டில் விழுந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், விழத் தெரிந்தவளுக்கு எழத் தெரியவில்லை என்றார்.

பிசியோதெரபிப் பெண் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். "எந்திரிச்சு அந்த மஞ்சள் பட்டை வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உக்காருங்க ஐயா."

எழுந்து நடந்தார். அவருடைய செருப்புச் சத்தத்துக்குப் பின்னால், ஈரத்தரையில் வெறுங்காலை இழுப்பதுபோல் இன்னொரு சத்தம் வந்தது. பட்டையில் நின்றார். அது இன்னும் ஓர் எட்டு வைத்துவிட்டு நின்றது. திரும்பும்போது இடுப்பு நழுவ, ஏதோ ஒன்று அவரை இழுத்து நிமிர்த்தியது.

"பத்து செகண்ட். தள்ளாடுனீங்க, ஆனா சமாளிச்சிட்டீங்க."

"நான் என்ன அந்தக் கிழடுங்க மாதிரியா?" என்றார். குரல் பிசிறியது.

"சரி, இப்ப கண்ணை மூடிட்டு நில்லுங்க. முப்பது செகண்ட்."

மூடினார். தைல வாசனை. மனைவி தேய்த்துக்கொள்ளும் தைலம். விரல்களுக்குள் விரல்கள் நுழைந்தன. ஈரம். குளிர். கோணிய சுண்டுவிரல். கத்தினால் தவறிவிடுவார். கண்ணைத் திறந்தாலும் தவறிவிடுவார். பல்லைக் கடித்தார். சாயும்போதெல்லாம் அது நிமிர்த்தியது.

"முப்பது! அசையவே இல்லையே." பிசியோதெரபிப் பெண் மகனைக் கூப்பிட்டாள். "அப்பா தாராளமா தனியா இருக்கலாம். பிடிச்சுக்க ஆளே வேண்டாம்."

மகன் அவரை வீட்டில் இறக்கிவிட்டான். "நீங்க கேட்டது கிடைச்சிடுச்சுப்பா. இனி நாங்க வந்து தொந்தரவு பண்ண மாட்டோம்."

போகாதேடா என்று சொல்ல வாயெடுத்தார். செத்துப்போன பெண்டாட்டிக்குப் பயந்தவனாக மகன் முன்னால் நிற்பதா? "சரி, போ," என்றார். கார் போன சத்தம் ஓய்ந்தது.

இடது கை இழுபட்டது. கூடம். நடை. குளியலறை வாசல். உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டிருந்தார்கள். தரை முழுக்க ஈரம். உதறினார். விடவில்லை. நிலைப்படியைத் தாண்ட வைத்தது.

ஓர் எட்டு.

பிடிக்கக் கம்பி இல்லை. சுவர் எட்டவில்லை. இடுப்பு நழுவத் தொடங்கியது.

"விட்டுடாதே," என்றார், வாழ்க்கையில் முதன்முறையாக அவளிடம் கெஞ்சி.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கடைசியாக அந்தச் சுண்டுவிரல்.