உமி போன வழி

அந்த வருடம் பிஜித் தீவின் நமாகாவில் மழை விட்டபாடில்லை. எங்கள் கொட்டகை முற்றம் குளமாகிவிட்டது. வாத்துகளாக இருந்தால் கொண்டாடியிருக்கும். எங்களிடம் இருந்தவை இரண்டு எருதுகள்.

அதில் கருப்பனுக்குக் குளம்பிடுக்கில் புண். அப்பா கழுவி மஞ்சள் வைத்தார்.

"இன்னும் ஒரு வாரம் சேத்துல நின்னா குளம்பு அழுகிடும். அப்புறம் இவன் ஏர் இழுக்கவே மாட்டான்" என்றார்.

"வேற எடத்துல கட்டலாமேப்பா?"

"எங்க கட்டுறது? சுத்தி கரும்பு."

எனக்குப் பத்து வயது. அறிவு தலைக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. வாளியை எடுத்து, முற்றத்துத் தண்ணீரை மொண்டு தெருப்பக்கம் கொட்டினேன். நான் காலி வாளியோடு திரும்புவதற்குள் தண்ணீர் எனக்கு முன்னால் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் அப்பா இரண்டு முளை அடித்து, கயிறு கட்டி, தெருவை நோக்கி வாய்க்கால் வெட்டினார். கிர்மிட் என்ற ஒப்பந்தத்தில் கூலியாகக் கரும்புத் தோட்டத்தில் வெட்டிப் பழகிய கை.

"கிர்மிட்ல தொரை சங்கிலி போட்டு அளந்து பாப்பான், இந்திரா. வாய்க்கா ஒரு விரல் வளைஞ்சாலும் அன்னிக்கு செஞ்ச வேலை வேலையே இல்ல."

வாய்க்கால் அவ்வளவு நேர். தண்ணீரும் அதில் நேராகப் படுத்துக்கொண்டது. நகரவில்லை.

"தெருப்பக்கம் மேடுப்பா. நான் கொட்டின தண்ணியும் திரும்பி வந்துடுச்சே!"

"நீ கொட்டுன லட்சணம் அப்படி."

மத்தியானம் மறுபடி மழை பிடித்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு முறம் உமியோடு முற்றத்து ஓரத்தில் நின்றேன். முதல் பிடி உமி காற்றில் திரும்பி என் வாய்க்குள் போனது. இரண்டாவது பிடி தண்ணீரில் விழுந்து, அது வழிகிற பக்கமாக மிதந்தது. மாமரத்தைச் சுற்றி, கோழிக்கூட்டின் பின்னால் வளைந்து, பக்கத்து வேலியின் அடியில் நுழைந்தது. உமி போன வழியெல்லாம் குச்சி நட்டேன்.

அப்பா பார்த்தார். "பாம்பு போன மாதிரி இருக்கு. பாக்குறவங்க சிரிப்பாங்க."

"கருப்பன் சிரிக்க மாட்டான்பா."

அப்பா மண்வெட்டியை எடுத்தார்.

"இருப்பா. முதல்ல யூனுஸ் மாமாகிட்ட கேக்கணும்."

யூனுஸ் மாமா அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய டாலோ கிழங்குத் தோட்டம். அதைத் தாண்டினால் ஓடை.

"மாமா, எங்க கொட்டகைத் தண்ணி உங்க தோட்டம் வழியா வரலாமா? சாணியெல்லாம் கலந்திருக்கும்."

"டாலோவுக்கு அது பாயசம், பொண்ணே! தாராளமா விடு. ஆனா உங்கப்பா வளைச்சு வெட்டுவாரா? கப்பல்ல படுக்குற பாய் கோணலா கிடக்குதுன்னு என்கிட்ட சண்டை போட்ட ஆளு!"

சொல்லிவிட்டு அவரும் மண்வெட்டியோடு வந்தார்.

இருவரும் குச்சிகளைப் பார்த்து வெட்டினார்கள். அப்பா இரண்டு முறை கயிற்றைத் தேடினார். நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

வேலியடியில் கடைசி மண்கட்டியைத் தள்ளியதும் தண்ணீர் கிளம்பியது. மாமரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து டாலோ இலைகளுக்கு நடுவே போய் மறைந்தது.

நான்காம் நாள் முற்றம் காய்ந்தது. கருப்பன் கால்களை ஒவ்வொன்றாக மடக்கிப் படுத்து, அசைபோட ஆரம்பித்தான். அப்பா பக்கத்தில் குந்தி, குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆறிட்டு வருது" என்றார்.

அடுத்த வாரம் கருப்பன் ஏர் இழுத்தான்.