பாட்டுக்காரனுக்கு ஒரு பாட்டில் தேன்

சட்டைப் பைக்குள் செல்போன் ஏழாவது முறையாகத் துடித்தது.

வர்த்தமான் எடுக்கவில்லை.

எப்படி எடுப்பான்? கழுத்து நிறைய மாலையோடு திறந்த ஜீப்பில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பெரிய காஞ்சிபுரத்துச் சந்நிதித் தெரு முழுக்க ஜனம்! பட்டுக்கடைப் படிகளில், மொட்டை மாடிகளில், நிறுத்தியிருந்த ஆட்டோக்களின் தலை மேல்கூட!

"வர்தா! வர்தா! கப்பு நமக்குத்தான் வர்தா!"

வயசு இருபத்தாறு. நான்கு மாதத்துக்கு முன்பு அவனைத் தெரிந்தவர்கள் மொத்தமே ஒரு தெரு. இன்று தமிழ்நாடு பூராவும் அவன் பாட்டுத்தான் ரிங்டோன்.

எல்லாம் 'சொந்தக் குரல்' செய்த வேலை. டி.வி.யில் வரும் வழக்கமான பாட்டுப் போட்டி இல்லை அது. பாட்டை நீங்களே எழுத வேண்டும். நீங்களே மெட்டுப் போட வேண்டும். நீங்களே பாட வேண்டும். அடுத்தவர் எழுதிய ஒரு வரி கலந்திருந்தாலும் ஆள் அவுட்!

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். அதற்கு முன்னால் சொந்த ஊர் ஊர்வலம். சேனலின் கேமரா மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தது.

எட்டாவது முறை துடித்தது. எடுத்தான்.

"அண்ணா... அண்ணா..."

மேரி. சிநேகிதன் வீரபத்திரனின் மனைவி.

"சொல்லும்மா. இங்க ஒரே சத்தமா இருக்குது."

"அவரு எழுந்திரிக்க மாட்டேங்குறாருண்ணா! தறிமேலயே சாஞ்சு கெடக்குறாரு! வாயெல்லாம் நுரையா வந்துக்கினு இருக்குது... சீக்கிரம் வாண்ணா!"

வர்த்தமான் ஜீப்பிலிருந்து குதித்தான். மாலை அறுந்து நடுத்தெருவில் கொட்டியது.

கேமரா அதையும் விடாமல் எடுத்தது!

* * *

ஐயம்பேட்டை.

தறிக் குழிக்குள் காலை விட்டபடி, பாதி நெய்த மாம்பழக் கலர் சேலையின் மேல் கவிழ்ந்து கிடந்தான் வீரபத்திரன். உசிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பக்கத்தில் காலி டம்ளர். ஒரு கண்ணாடி பாட்டில். அதில் முக்கால்வாசி தேன்.

இன்ஸ்பெக்டர் கனகமாலா கைக்குட்டையால் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயசு. கத்திப் பேசிப் பழக்கமில்லாதவள். அவளிடம் மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கத்தினால்கூடத் தேவலை என்பார்கள்.

"இத எப்போ குடிச்சாரும்மா?"

மேரி மூக்கைச் சிந்தினாள். "காலையில மேடம். தறித் தூசிக்கு இவருக்குத் தொண்டை அரிச்சுக்கினே இருக்கும். தெனம் வெந்நீருல எலுமிச்சம்பழம் புழிஞ்சு, தேன் ஊத்திக் குடிச்சிட்டுத்தான் தறியில எறங்குவாரு."

"இந்த பாட்டில் எங்க வாங்கினது?"

மேரி பதில் சொல்வதற்குள் வாசலில் ஓர் அலறல்!

"நான்தான் மேடம்! நான்தான் அவனக் கொன்னுட்டேன்!"

வர்த்தமான். முகமெல்லாம் கண்ணீர். ஏட்டு வீரபாகு அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"யாரு, டி.வி.ல பாடற தம்பியா? நிதானமா சொல்லுப்பா."

"அது எனக்கு வந்த தேன் சார்! சென்னையில சேனலுக்கு ரசிகருங்க அனுப்பின கிஃப்ட்டு மூட்டையில இருந்துச்சு. 'உங்கள் குரல் வளத்துக்கு'ன்னு ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு."

"அப்புறம் ஏன் நீ குடிக்கல?" கனகமாலா கேட்டாள்.

"நாங்க நயினாருங்க மேடம். ஜைனருங்க. தேன் தொட மாட்டோம். ஒரு சொட்டுத் தேனுக்கு எத்தினி உசுரு சாவும்... அது எங்களுக்குப் பாவம். அதான் நேத்து சாயந்திரம் இவனுக்குக் கொண்டாந்து கொடுத்தேன். அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து கூடப் படிச்சவன் மேடம்! எனக்கு வெச்ச விஷத்த இவன் குடிச்சிட்டான்! என் கையால கொடுத்தேனே..."

மண்தரையில் தலையை முட்டிக்கொண்டான். மேரி ஓடிவந்து தடுத்தாள்.

"நீ என்னண்ணா பண்ணுவ? உனக்கு என்ன தெரியும்?"

புருஷனைப் பறிகொடுத்தவள் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். வர்த்தமானால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்குதா?"

தயங்கினான்.

"எனக்கு அடுத்த இடத்துல கமல்னு ஒருத்தன் இருக்கான் மேடம். நல்ல பையன்தான்... ஆனா போன வாரம் ஓட்டுல என்னைவிட ரொம்பக் கீழ போயிட்டான்."

வீரபாகு குறித்துக்கொண்டார். 'கமல்' என்ற பெயருக்குக் கீழே கோடும் போட்டார்!

* * *

சனிக்கிழமை காலை பாலாற்றங்கரையில் இறுதிச் சடங்கு முடிந்தது.

வீடு திரும்பியதும் மேரி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வர்த்தமான் முன்னால் வைத்தாள். உள்ளே கட்டுக் கட்டாக அட்டைகள். சேலை டிசைனுக்காகத் தறி மேலே மாட்டுகிற, ஓட்டை போட்ட அட்டைகள். பழசானவை. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பால்பாயின்ட் பேனாவால் எழுத்து.

"எல்லாம் உன் பாட்டுத்தாண்ணா. உன்மேல அவருக்கு அவ்ளோ கிறுக்கு. தறியில ஒக்காந்துக்கினு உன் பாட்ட அடிச்சு அடிச்சுத் திரும்பத் திரும்ப எழுதுவாரு. நீயே வெச்சுக்கோ. எனக்குப் படிக்கத் தெரியாது."

வர்த்தமான் மேலாக இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

ஒத்த இழ அறுந்தாலும் மொத்தச் சேல தேம்புமடி... 

நாடே முணுமுணுத்த வரி. அட்டையில் அதற்கு மேலே நான்கு வரி எழுதி அடித்திருந்தது. ஐந்தாவதாகத்தான் இது வந்திருந்தது. ரசிகன் ஏன் ஐயா அடித்து அடித்து எழுதப் போகிறான்?

ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். பதினாறு வாரம், பதினாறு பாட்டு. அத்தனையும் வீரபத்திரன் எழுதியது! மெட்டும் அவனுடையது! வர்த்தமானுடையது குரல் மட்டும்தான்.

இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நேற்று செத்துப்போனான்.

"என்னண்ணா, ஒண்ணும் பேச மாட்டேங்குற?"

"ஒண்ணுமில்லம்மா..."

சொல்லிவிடலாமா? வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக்கு மேடை கிடையாது. பட்டம் கிடையாது. சந்நிதித் தெருவே காறித் துப்பும். பைக்குள் அட்டைகளைத் திணித்துக்கொண்டு எழுந்தான். வெட்கமாக இருந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தான்.

வாசலில் சேனல் புரொட்யூசர் நதியா. காதில் ஒரு போன், கையில் ஒரு போன்.

"வர்தா, ஒரு நிமிஷம்! நீ குதிச்ச வீடியோ எண்பது லட்சம் வியூஸ்! 'நண்பனைப் பறிகொடுத்த நாயகன்'னு ப்ரொமோ கட் பண்ணிட்டோம். ஓட்டு கொட்டுது! கமல போலீஸ் ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சிருக்காங்களாம், தெரியுமா?"

"பாவம் மேடம் அவன்..."

"பாவமா? நீ ரொம்ப நல்லவன் வர்தா. இப்படியே ஸ்டேஜ்லயும் இரு!"

* * *

ஞாயிற்றுக்கிழமை. சென்னை. மாலை ஐந்து மணி.

கமலை விசாரித்து அனுப்பிவிட்டார்கள். என்ன பிரயோஜனம்? அவன் பாடும்போது கைதட்டக்கூட ஆள் இல்லை.

வர்த்தமான் மேடைக்கு வந்தான். 'ஒத்த இழ' பாடினான். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை அது. நிஜமாகவே அழுதான். அரங்கமே எழுந்து நின்று அழுதது!

"இந்தப் பாட்டு..." மைக்கில் ஆரம்பித்தான்.

முன்வரிசையில் மேரி உட்கார்ந்திருந்தாள். நதியாதான் கார் அனுப்பி வரவழைத்திருந்தாள். அழுகிற விதவையின் க்ளோசப்புக்கு நல்ல ரேட்டிங்!

"இந்தப் பாட்டு... என் சிநேகிதன் வீரபத்திரனோடது..."

நிறுத்தினான். இதோ, சொல்லிவிடப் போகிறான்...

"அதாவது, அவனுக்கு சமர்ப்பணம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

இருபது நிமிடத்தில் அறிவித்துவிட்டார்கள். முதல் இடம்... வர்த்தமான்! கலர் காகிதம் மழையாகக் கொட்டியது.

* * *

மேக்கப் அறை. கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் விழுந்தான் வர்த்தமான்.

கதவு திறந்தது. கனகமாலா. பின்னால் வீரபாகு.

"கங்கிராஜுலேஷன்ஸ் தம்பி. பாட்டு நல்லா இருந்துச்சு."

"தேங்க்ஸ் மேடம்... கமல் எதுவும் ஒத்துக்கிட்டானா?"

"அந்தப் பையன் பாவம், விஷம் வெக்கிற ஆளே இல்ல. விடுங்க. லேப் ரிப்போர்ட் வந்துருக்குது. அதச் சொல்லத்தான் வந்தேன். பாட்டில்ல விஷம் இருந்துச்சு."

"அதான் தெரியுமே மேடம்!"

"தெரியாத ஒண்ணு இருக்குது. பாட்டில்ல விஷம் இருந்துச்சு. தேன்தான் இல்ல!"

வர்த்தமான் நிமிர்ந்தான்.

"தே... தேன் இல்லையா?"

"ஒரு சொட்டுகூட இல்லப்பா," என்றார் வீரபாகு. "அத்தனையும் வெல்லப் பாகு!"

"இப்பல்லாம் கடைத் தேனே கலப்படம்தானே சார்..."

"கலப்படம்னா சர்க்கரைப் பாகுதான் ஊத்துவாங்க தம்பி." கனகமாலா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "இதுல சுக்கு இருக்குது. மிளகு இருக்குது. ஏலக்காய்கூட இருக்குது. எந்தக் கடைக்காரன் இவ்ளோ மெனக்கெடுவான்? இது யாரோ வீட்டுல காய்ச்சுனது. தேன் பாட்டில்ல ஊத்தணும், ஆனா தேனத் தொடக் கூடாது. அப்படி ஒருத்தன் யாரா இருப்பான்?"

வர்த்தமான் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"மேடம், நீங்க என்னமோ..."

"எங்க வீட்டுலயும் இதேதான் காய்ச்சுவாங்க. நாட்டு மருந்த ஊரெல்லாம் தேன்ல கொழைப்பாங்க. நாங்க இந்தப் பாகுல கொழைப்போம். எங்கப்பா பேரு சொன்னேனா உங்ககிட்ட? அப்பாண்டை நயினார்."

"நேத்து மத்தியானம் உங்க அம்மாவப் பாத்தேன். அமுதாம்மா. மோர் கொடுத்தாங்க. 'புதன்கிழமை புள்ள பாகு கேட்டான், தொண்டைக்குன்னு காய்ச்சிக் கொடுத்தேன்'னு சொன்னாங்க. மீதியிருந்தத அவங்களே எடுத்தாந்து கொடுத்தாங்க. பொய் சொல்றதும் பாவம்னு வளந்தவங்க. ரெண்டு பாகும் ஒண்ணுதான்னு லேப்ல சொல்லிட்டாங்க."

"அம்மாவுக்கு... எதுவும் தெரியாது மேடம்."

"தெரியும். அவங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான்! வர்த்தமான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அவன் முதல் நாளே உண்மையைத்தான் கத்தினான். 'நான்தான் கொன்னுட்டேன்' என்று. ஊரே கேட்டது. யாரும் நம்பவில்லை!

"பேரு கேட்டான் மேடம்..." விம்மினான். "காசு கேக்கல. ஒண்ணும் கேக்கல. 'எம்புள்ளைக்கு அஞ்சு வயசாவுது வர்தா, அப்பன் பாட்டு எழுதுவான்னு அதுக்குத் தெரிய வேணாமா? ஃபைனல்ல எம்பேர மட்டும் ஒரு தபா சொல்லுடா'ன்னான். சொன்னா நான் அவுட் மேடம்! சொல்ல முடியாதுன்னேன். 'அப்ப நானே மேடைக்கு வந்து சொல்லிருவேன்'னு சிரிச்சான். விளையாட்டாத்தான் சொன்னானோ என்னவோ... எனக்குப் பயம் வந்துருச்சு."

"விளையாட்டாத்தான் சொல்லியிருப்பான்," என்றாள் கனகமாலா. "மேரிகிட்ட அவன் கடைசியா என்ன பேசினான் தெரியுமா? டம்ளர வாயில வெச்சுட்டு, 'என்னாடி, தேனு வெல்ல வாசனை அடிக்குது'ன்னானாம். மேரி வாங்கிக் கீழ ஊத்தப் போனாளாம். 'வேணாம் வேணாம், வர்தா கொடுத்தது, நல்லாத்தான் இருக்கும்'னு சொல்லி மொத்தத்தையும் குடிச்சிட்டான்."

வர்த்தமான் வாய்விட்டு அழுதான். இந்தத் தடவை எதிரே கேமரா இல்லை.

"என்னத் தூக்குல போடுங்க மேடம்! அந்தப் பொண்ணு என்ன அண்ணான்னு கூப்புடுதே... அட்டைய எல்லாம் எங்கிட்டயே கொடுத்துச்சே..."

"அட்டையெல்லாம் எங்க?"

"பையிலதான் இருக்குது. கொளுத்தலாம்னு எடுத்தாந்தேன். முடியல."

வீரபாகு பையை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டார்.

"ஏம்பா, கடையில ஒரு பாட்டில் தேன் வாங்கி அதுல கலந்திருந்தா நீ மாட்டியிருக்கவே மாட்டியே? ஏன் வாங்கல?"

வர்த்தமான் மூக்கை உறிஞ்சினான்.

"கடை வரைக்கும் போனேன் சார். கையில எடுக்க மனசு வரல. அத்தினி தேனீங்க... பாவம் சார்."

வீரபாகு அட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கனகமாலா எழுந்தாள். விலங்கை எடுத்தாள். 

"நம்ம ரெண்டு பேருக்கும் மறுபிறவியில நம்பிக்கை உண்டுல்ல தம்பி? வேண்டிக்கங்க. அடுத்த ஜென்மத்துல வீரபத்திரன் ஒரு தேனீயாப் பொறக்கட்டும். அப்பவாவது உங்க கையால சாகாம இருப்பான்!"