உமரித்தீவில் ஒரு நீல மூடி

விடிந்ததும் கஸ்பார் பல் தேய்க்கும் முன்னே வரிசையில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் ஓர் ஆமை. ஆமைக்கு முன்னால் ஒரு மடையான் கொக்கும் இரண்டு உள்ளான் குருவிகளும். வரிசை நகரவில்லை. ஆமையை முன்னால் விட்டால் எந்த வரிசைதான் நகரும்? காலால் லேசாக நெம்பினால் என்ன என்று கஸ்பாருக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிறுத்திக்கொண்டான். ஆமையைத் தொட்டவனுக்கு அன்றைக்கு இட்லி கிடையாது.

உமரித்தீவில் உயிருள்ள எதற்கும் பிடரியில் அரிசிமணி அளவில் ஓர் உயிர்ச்சில்லு உண்டு. ஆட்டுக்குட்டி உயரத்தில், எட்டுக் காலில், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கும் காவலி என்கிற எந்திரம் தினமும் அதன் மேல் தன் கொம்பை வைத்துப் பார்க்கும். உடம்புச் சூடு, நாடித் துடிப்பு, நேற்று எங்கே மேய்ந்தது என எல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். பார்த்து முடித்த உயிருக்கு ஒரு கவளம் தீனி. ஆமைக்குப் பாசி, கொக்குக்கு மீன், கஸ்பாருக்கும் அவன் மனைவி இன்னாசியம்மாவுக்கும் இட்லி.

"நலம். செரிமானம் சீராக இருக்கிறது," என்று காவலி ஆமையிடம் சொன்னது. அடுத்து கஸ்பாரின் பிடரியைத் தொட்டு, அதே குரலில் அதையே சொன்னது.

"ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்," என்றாள் பின்னால் நின்ற இன்னாசியம்மா. "ஆனா ஆமை ஒரு தடவ சொன்னா கேக்கும்."

"ஏட்டி, காலங்காத்தால ஆரம்பிக்காத."

இருவருக்கும் இட்லி கொடுத்த பிறகு காவலி வழக்கம்போல் அடுத்த உயிரிடம் போகவில்லை. நின்ற இடத்திலேயே கொம்பைத் திருப்பியது.

"மாலையில் மண்நுகரி வருகிறது. தீவில் குப்பை தீர்ந்துவிட்டதால் இனி குப்பை பொறுக்க வேலையாட்கள் தேவையில்லை. எனவே நீங்கள் மண்வாசிகளா, வந்தேறிகளா என்று சோதிக்கப்படும். வந்தேறிகள் என்றால் இன்றைய படகிலேயே கரைக்கு அனுப்பப்படுவீர்கள்."

இன்னாசியம்மாவின் கையிலிருந்த இட்லி வாய்க்குப் போகவில்லை. அவளுக்கு இளைப்பு உண்டு. கரையில் காற்று புகையாய்க் கிடக்கும். மூக்குக் கவசத்தை மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தால் மூன்றாவதற்கு உட்கார்ந்துவிடுவாள். அங்கே இருந்தவரை அவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. தீவுக்கு வந்த பிறகுதான் கவசத்தைக் கழற்றினாள். கஸ்பாரை ஒரே மூச்சில், ஒரு சொல் விடாமல் திட்டும் அளவுக்கு நெஞ்சு தெளிந்தது. அந்தத் திட்டை இழக்க கஸ்பாருக்கு மனமில்லை. அதை அவளிடம் சொன்னதுமில்லை.

உமரித்தீவு யாரும் போட்டு வைத்த தீவு அல்ல. பவளப்பாறை உடைந்து, பொடிந்து, மணலாகக் குவிந்த திட்டு. அதில் உமரிச் செடி முளைத்தது, பறவை வந்தது, ஆமை முட்டையிட்டது. அப்புறம் மனிதர் வந்தார்கள். சங்கு குளித்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பாறையை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலில் போட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் கஸ்பாரின் பூட்டனும் ஒருவர். பாறை போனதும் கடல் பாதித் தீவைத் தின்றது. மிச்சம் இருந்த பாதிக்கு ஞாயிற்றுக்கிழமைப் படகில் பிரியாணிப் பொட்டலத்தோடு ஆட்கள் வந்தார்கள். 'இயற்கைக் காப்பகம், உள்ளே வரக் கூடாது' என்று பலகை நட்டார்கள். அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொள்ள இன்னும் கூட்டம் வந்தது. கடைசியில் மனிதரை நம்பிப் பயனில்லை என்று மனிதரே முடிவு கட்டி, தீவை எந்திரங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எந்திரங்களுக்கு ஒரே விதிதான். மண்ணின் பழைய அடுக்கில் எந்த உயிரின் குறி இருக்கிறதோ அது மண்வாசி, தங்கலாம். குறி இல்லாதது வந்தேறி, கிளம்ப வேண்டும். ஆடு போயிற்று, எலி போயிற்று, சீமைக்கருவேலம் வேரோடு போயிற்று. கருவேலத்தை வெட்டி வெட்டித் தோள் இறங்கிப்போன கஸ்பார், அதை ஏற்றிய படகு கிளம்பிய அன்று கை தட்டினான். அடுத்து யார் என்று அப்போது அவன் யோசிக்கவில்லை.

இப்போதும் அவனுக்குப் பயம் வரவில்லை. "மனுசக் குறிதான வேணும்?" என்றான் காவலி போனதும். "எங்க பூட்டன் பாடுபட்ட மண்ணு இது. எங்க குத்தினாலும் ஏதாவது கெடைக்கும்."

இன்னாசியம்மா அவனைப் பார்த்தாள். குடிசை ஓரத்தில் சாத்தியிருந்த சல்லடையைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். கஸ்பாருக்கு மெதுவாக உறைத்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருவரும் அந்த மணலைச் சலித்திருக்கிறார்கள். மேல் மணலைச் சலித்தால் போதும் என்றுதான் காவலி சொன்னது. கஸ்பார்தான் இடுப்பளவு தோண்டிச் சலித்தான். பிளாஸ்டிக், கண்ணாடி, பீடித்துண்டு எல்லாம் போயின. காளவாசல் கல், அறுத்த சங்கு, பழைய கோயிலின் ஓட்டுத் துண்டு, அவையும் போயின. மூட்டை மூட்டையாகக் கட்டிப் படகில் ஏற்றியவன் அவன்.

"நாமதான் எல்லாத்தயும் அனுப்பிட்டோமே," என்றான்.

"நாமன்னு என்னயச் சேக்காதீங்க. காளவாசக் கல்லு அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு நான் சொன்னேன். வேலைன்னா வேலையா இருக்கணும், பாதி வேல பாத்தா அது என் பேருக்குக் கேடுன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்."

"ஒலகத்துல எத்தனையோ பேரு ஒழுங்கா வேல பாக்காம நல்லா இருக்கான். எனக்குன்னு வாச்சவரு ஒழுங்கா வேல பாத்து என்னயத் தெருவுல விடுறாரு."

கஸ்பார் தன் பழைய செருப்பை எடுத்துக்கொண்டு உமரிப் புதருக்குப் பின்னால் போனான். முழங்கை ஆழத்துக்குத் தோண்டி அதைப் புதைத்தான். பூட்டனின் செருப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பூட்டன் செருப்பே போட்டதில்லை என்பது மண்நுகரிக்குத் தெரியவா போகிறது?

திரும்பி வரும் வழியில் அதைப் பார்த்தான். நீல மூடி நடந்து போய்க்கொண்டிருந்தது.

தீவில் மிச்சமிருந்த ஒரே குப்பை அது. துறவி நண்டுக்குச் சொந்தமாக ஓடு கிடையாது. காலியாகக் கிடக்கும் நத்தை ஓட்டில் புகுந்து அதையே சுமந்து திரியும். ஓடு கிடைக்காத காலத்தில் அவை பிளாஸ்டிக் மூடிகளுக்குள் குடியேறிவிட்டன. கஸ்பார் ஒவ்வொன்றாகப் பிடித்து, பக்கத்தில் நல்ல நத்தை ஓட்டை வைத்துக் காத்திருந்து, வீடு மாற்றி அனுப்பியிருந்தான். இந்த ஒன்று மட்டும் வருஷக்கணக்காகத் தப்பித்துக்கொண்டே இருந்தது. நண்டைத் தொடுவது குற்றம் என்பதால் அவனும் காவலியின் கண்ணில் படாமல்தான் துரத்த வேண்டியிருந்தது.

பெண்டாட்டி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். பொழுது சாய்ந்தால் படகு. அந்த நிலைமையிலும் கஸ்பாரின் புத்தி, போகும்போது ஒரு மூடியைப் பாக்கி விட்டுவிட்டுப் போவதா என்றுதான் கேட்டது. பாய்ந்து பிடித்தான். நண்டையும் ஒரு நத்தை ஓட்டையும் சேர்த்து வேட்டி மடியில் செருகினான். உள்ளேயே வீடு மாறிக்கொள்ளட்டும்.

மாலையில் மண்நுகரி எந்திரம் வந்து இறங்கியது. பனைமர உயரத்தில் ஊசி போன்ற மூக்கு அதற்கு. மண்ணில் குத்தும், முகரும், நகரும். கஸ்பாரும் இன்னாசியம்மாவும் காவலியோடு பின்னால் நடந்தார்கள். அது உமரிப் புதருக்குப் பின்னால் போய் நின்றபோது கஸ்பார் வானத்தைப் பார்த்தான்.

"செருப்பு. இடது கால்," என்றது மண்நுகரி. "இன்று காலை புதைக்கப்பட்டது. வியர்வை இன்னும் காயவில்லை."

"ரெண்டு காலுக்குமாவது பொதைச்சிருக்கலாம்," என்றாள் இன்னாசியம்மா. குரல் கேலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் மூக்குக் கவசத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள். அதன் வார் காய்ந்து வெடித்திருந்தது.

தீவு முழுதும் குத்திப் பார்த்த மண்நுகரி கடைசியில் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "இதுபோல் தூய மண்ணை நான் முகர்ந்ததில்லை. இங்கே மனிதன் வாழ்ந்ததற்குக் குறி இல்லை."

"இந்தா, இங்கதான் எங்க ஆளுக கோயில் வச்சிக் கும்பிட்டாங்க," என்று இன்னாசியம்மா ஒரு மேட்டைக் காட்டினாள்.

"சான்று?"

அவள் கணவனைப் பார்த்தாள். "இந்தா நிக்காரே, இவருதான் தூக்கிப் போட்டாரு."

"சான்று இல்லை. வந்தேறிகள். படகில் ஏறவும்."

கஸ்பார் வாய் திறந்தான். இவளை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் திறந்தான். வந்தது வேறு சத்தம். மடிக்குள் இருந்த நண்டு, வீடு மாற விருப்பமில்லை என்பதை அடிவயிற்றில் தெரிவித்துவிட்டது. கஸ்பார் குதித்தான், சுழன்றான், வேட்டியை உதறினான். நத்தை ஓடு ஒரு பக்கம் விழுந்தது. நீல மூடியோடு நண்டு மண்நுகரியின் காலடியில் விழுந்து, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"துறவி நண்டைத் துன்புறுத்தியது குற்றம்," என்று காவலி தொடங்கியது.

"பொறு," என்றது மண்நுகரி. மூக்கு மறுபடி நீண்டு மூடியை முகர்ந்தது. வெகு நேரம் முகர்ந்தது. "பற்பசைக் குழாயின் மூடி. இந்தக் காப்பகத்தை விடப் பழையது. உட்புறம் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது. ஒரு நண்டு விட்டுப்போனதை அடுத்த நண்டு எடுத்து, தலைமுறை தலைமுறையாக இதில் குடியிருந்திருக்கிறது. இது குப்பையல்ல. மனிதக் குறி. இவர்கள் மண்வாசிகள்."

இன்னாசியம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை. "சங்கு குளிச்சது நிக்கல, கோயில் கட்டுனது நிக்கல," என்றாள் மூச்சு வாங்காமல். "எவனோ ஒருத்தன் பல்லத் தேச்சிட்டு எறிஞ்சது நின்னுருக்கு பாருங்க."

"ஒரு நிபந்தனை," என்றது மண்நுகரி. "மண்வாசி உயிர் தன் இயல்பு நடத்தையோடு வாழ வேண்டும். குடிசையில் இருக்கும் சல்லடையை ஒப்படைக்கவும். குப்பை பொறுக்குவது உங்கள் இனத்தின் இயல்பு அல்ல. இந்தத் தீவுக்கு வந்தவர்களின் பழைய படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். ஓர் ஆள்கூடக் குனியவில்லை."

அதற்குப் பிறகு குப்பையை ஏற்றிப்போக வந்த படகு குப்பையை இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தது. இயல்பு நடத்தைக்கான நேரங்களைக் காவலி வந்து நினைவூட்டும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது காலையில். மிச்சமிருந்த பாறையில் பேர் எழுதுவது மதியம். இன்னாசியம்மா தன் பேரையும் அவன் பேரையும் செதுக்கி, நடுவில் அம்பு பாய்ந்த இதயமும் போட்டாள். கட்டிக்கொண்ட புதிதில்கூடச் செய்யாத கூத்து என்று கஸ்பாருக்கு வெட்கமாக இருந்தது. அந்த எழுத்தை மட்டும் மறைவாக இரண்டு முறை போய்ப் பார்த்தான்.

குப்பை எறிய வேண்டிய மாலையில்தான் அவனுக்குப் பாடு. பொட்டலம் பிரித்துத் தின்று முடித்ததும் அந்த உறை கையை விட்டுப் போகாது. விரல் இறுகிக்கொள்ளும். நாலாக மடித்து மடியில் வைக்கச் சொல்லும்.

"எறியுங்க," என்றாள் இன்னாசியம்மா. "அது பாத்துக்கிட்டே இருக்கு. என் மூச்சு ஒங்க கையிலதான் இருக்கு."

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். உறை காற்றில் புரண்டு, ஓரடி தள்ளி உமரிப் புதரடி மணலில் விழுந்தது. அடுத்த நொடியே, அவனைக் கேட்காமல், இடுப்பு வளைந்தது. கை மண்ணை நோக்கிப் போயிற்று.

காவலியின் கொம்பு சட்டென்று திரும்பியது. "என்ன செய்கிறீர்கள்?"

கஸ்பார் பாதிக் குனிந்த நிலையில் நின்றான். பின்னால் இன்னாசியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டது அவனுக்குக் கேட்டது. மெல்ல நிமிர்ந்தான். இரண்டு பக்கமும் யாரும் பார்க்கவில்லையே என்று பார்ப்பவன்போல் பார்த்தான். காலால் மணலைத் தள்ளி உறையை மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போல் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

"ஐயமில்லை," என்றது காவலி திருப்தியோடு. "மண்வாசியேதான்."